மிளகைத் தேடி வந்தவன் கொடுத்த மிளகாய்

(பட்டிமன்றத் தலைப்பு: நம் சாப்பாட்டின் ருசிக்குப் பெரிதும் காரணம் மண்ணின் மரபே! வந்து சேர்ந்த வரவே! — ‘வரவே’ அணியில் நிகழ்த்திய உரை)

சாப்பாட்டைப் பற்றிய தலைப்பைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்திலேயே எங்களைப் பேசச் சொல்லியிருக்கிற நடுவர் அவர்களே! மண்ணின் பெருமையை மணக்க மணக்கப் பேசி முடித்திருக்கிற எதிரணி நண்பர்களே! ‘இவங்க பேசி முடிச்சாத்தான் பந்தி போடுவாங்க’ என்று பொறுமையோடு காத்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (கைதட்டல்)

ஐயா, எனக்கு முன்னாலே பேசின எதிரணித் தம்பி ரொம்ப உருக்கமாப் பேசினாரு. “நம்ம சாப்பாடு நம்ம மண்ணிலே பிறந்தது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் நம்ம ருசியைக் கெடுத்துப் போட்டது”ன்னு சொல்லிக் கண் கலங்கினாரு. கைதட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. நானும் தட்டினேன். ஏன்னா, எங்க எல்லார் வீட்டிலேயும் ஒரு தாத்தா அப்படித்தான் பேசுவாரு.

பேரன் நூடுல்ஸ் தின்பான். தாத்தாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். “ஏண்டா, அந்நியப் பண்டத்தையெல்லாம் வயித்துல கொட்டுறே! நம்ம பலகாரத்தைத் தின்னுடா!”ம்பாரு. அப்படிச் சொல்லும்போது தாத்தா கையிலே என்ன இருக்கும்? உருளைக்கிழங்கு போண்டா. தொட்டுக்கக் காரச் சட்னி. பக்கத்திலே ஆவி பறக்கக் காப்பி.

அந்தப் போண்டாவைக் கொஞ்சம் பிச்சுப் பாப்போம். உள்ளே இருக்கிற உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலே ஆண்டீஸ் மலையிலே பிறந்தது. மேல் மாவு கடலை மாவு. அந்தக் கொண்டைக்கடலை ஆதியிலே துருக்கிப் பக்கம் பயிரானது. பொரிச்ச எண்ணெய் கடலெண்ணெய். நிலக்கடலைக்குப் பிறந்த வீடு தென் அமெரிக்கா. சட்னியிலே இருக்கிற மிளகாய் மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. காப்பி எத்தியோப்பியா. அந்தத் தட்டிலே உள்ளூர்க்காரர்னு பாத்தா ரெண்டே பேர்தான். ஒருத்தர் தாத்தா. இன்னொருத்தர் கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலையையும் தாத்தா எடுத்து ஓரமா வச்சுட்டாரு! (பலத்த சிரிப்பு)

நான் தாத்தாவைக் கேலி பண்ணலை. அந்தப் போண்டா நம்ம போண்டாதான். அதிலே எனக்குச் சந்தேகமே கிடையாது. எப்படி அது நம்ம போண்டா ஆச்சு? அதைத்தான் நான் பேச வந்திருக்கேன்.

நடுவர் அவர்களே, எதிரணி அம்மா சங்க இலக்கியத்தை எடுத்து வச்சாங்க. ரொம்பச் சந்தோஷம். நானும் அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு விருந்து வருது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாத்துப் பரிசு வாங்கப் போற பாணனுக்கு, வழியிலே அந்தணர் வீட்டிலே என்ன கிடைக்கும்னு புலவர் சொல்றாரு. மாதுளங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயிலே வேகவச்சு, மிளகு போட்டு, கறிவேப்பிலை சேர்த்த பொரியல். கூடத் தொட்டுக்க மாவடு ஊறுகாய்! இன்னிக்கு எந்த ஹோட்டல்லயாவது மாதுளங்காய்ப் பொரியல் கேட்டா, சர்வர் நம்மளை ஒரு மாதிரியாப் பாப்பான். ஆனா நினைச்சுப் பாருங்க: துவர்ப்பு, வெண்ணெய் மணம், மிளகுக் காரம், மாவடுவோட புளிப்பு. என்ன ஒரு சேர்மானம்!

அந்தச் சேர்மானத்திலே காரம் எதிலேருந்து வந்துச்சு? மிளகு. சங்க காலத்திலே ‘கறி’ன்னாலே மிளகுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலே பிறந்த சொந்தப் பிள்ளை அது. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே மிளகு மூட்டை கிடக்குது. அகநானூற்றிலே யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோட வந்து மிளகோட திரும்புது. கி.பி. 408-ஆம் ஆண்டு அலாரிக்னு ஒரு படைத்தலைவன் ரோமாபுரியை வளைச்சுக்கிட்டான். “முற்றுகையை விடணும்னா தங்கம் கொடு, வெள்ளி கொடு”ன்னவன், கூடவே “மூவாயிரம் பவுண்டு மிளகும் கொடு”ன்னான். ஒரு நகரத்தை மீட்கிற பணயத்திலே நம்ம மலைச் சரக்கு! (கைதட்டல்)

தட்டுங்க, தட்டுங்க. இது மண்ணின் பெருமைதான், நான் இல்லேங்கலை. ஆனா ஒண்ணு யோசிங்க. ராஜாக்கள் பணயமாக் கேட்கிற பொருள் ஏழை வீட்டு அஞ்சறைப்பெட்டியிலே எவ்வளவு இருந்திருக்கும்? மிளகுக்கு மலை வேணும், மழை வேணும், நிழல் வேணும், ஏறிப் படர ஒரு மரம் வேணும். மதுரைக்குக் கிழக்கே, ராமநாதபுரம் பொட்டல்லே மிளகுக் கொடி படருமா?

இப்பத்தான் வரவு வருது. 1492-லே கொலம்பஸ் கிளம்பினாரு. அவர் தேடினது இந்தியா, கிடைச்சது அமெரிக்கா. தேடினது மிளகு, கிடைச்சது மிளகாய்! (சிரிப்பு) 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து இறங்கினாரு. அவரும் மிளகுக்குத்தான் வந்தாரு. அந்த வழியிலே பின்னாலே வந்த போர்த்துகீசியக் கப்பல்கள்தான் மிளகாயைக் கொண்டுவந்து நம்ம கரையிலே இறக்கினது. மிளகைத் தேடி வந்தவன், மிளகாயைக் கொடுத்துட்டுப் போனான்!

அந்தப் புது விருந்தாளியைப் பாத்து நம்ம ஆளு என்ன பண்ணினான்? மிரளலை. வாயிலே வச்சுப் பாத்தான். ‘ஸ்ஸ்...’ன்னான். “அட, மிளகு மாதிரி காரம். ஆனா காய்.” மிளகு, காய், மிளகாய். முடிஞ்சுது பேர்வைப்பு! மலையாளத்திலே இன்னும் ஒரு படி மேலே போயிட்டாங்க. வந்தவனுக்கு ‘முளகு’ன்னு வீட்டுப் பிள்ளையோட பேரையே கொடுத்துட்டு, வீட்டுப் பிள்ளையைக் ‘குருமுளகு’, ‘நல்லமுளகு’ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. நாகர்கோவில் பக்கம் இன்னிக்கும் மிளகுக்கு ‘நல்லமிளகு’ன்னுதான் பேரு. வந்த மருமகள் வீட்டுச் சாவியை வாங்கிக்கிட்டா. மாமியாருக்கு ‘நல்ல அம்மா’ன்னு பட்டம் கொடுத்து ஓரமா உட்கார வச்சுட்டா! (பலத்த சிரிப்பு)

ஏன் இந்த மிளகாயை இவ்வளவு ஆசையாச் சேர்த்துக்கிட்டோம்? அது கரிசல்லயும் வந்துச்சு, செவல்லயும் வந்துச்சு, கொல்லைப்புறத்துச் சட்டியிலேயும் வந்துச்சு. பச்சையாவும் திங்கலாம், காயவச்சு வருஷம் பூரா வச்சுக்கவும் செய்யலாம். கூலிக்குப் போறவன் தூக்குச்சட்டியிலே கஞ்சி இருக்கும். கடிச்சுக்க ஒரு பச்சை மிளகாய், ரெண்டு உப்புக்கல். கஞ்சி இறங்கிடும். பணக்காரன் வீட்டிலே இருந்த காரத்தை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது மிளகாய்தான், ஐயா! எந்த ராமநாதபுரத்துப் பொட்டல்லே மிளகு விளையாதுன்னு சொன்னேனோ, அந்த ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-லே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. மெக்சிகோவிலேருந்து வந்தவனுக்கு ராமநாதபுரத்து முகவரி! (கைதட்டல்)

எதிரணியிலே உடனே கேப்பாங்க: “மிளகாய் வர்றதுக்கு முன்னாலே நாங்க ருசியாச் சாப்பிடலையா?”ன்னு. சாப்பிட்டீங்க. அதுக்குச் சாட்சி இன்னிக்கும் இருக்கு. திவசச் சமையலைப் பாருங்க. மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. முட்டைக்கோசு, காலிஃபிளவர் வாசலோட சரி. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், பயத்தம்பருப்பு. அது நம்ம முன்னோர்களுக்குப் பழக்கமான சாப்பாடு. அவங்களுக்குத் தெரியாத காயைப் போட்டா அவங்க வந்து குழம்பிடுவாங்க இல்லையா? (சிரிப்பு) காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியைப் பாருங்க. மிளகு, சீரகம், சுக்கு. மிளகாயே கிடையாது. தட்டிலே வச்ச சரித்திரப் புத்தகம் அது.

அது ருசி இல்லையா? பிரமாதமான ருசி. ஆனா நடுவர் அவர்களே, “நாளையிலேருந்து வருஷம் 365 நாளும் திவசச் சமையல்தான்”னு வீட்டிலே சொன்னா, எதிரணித் தம்பி அந்த வீட்டிலே இருப்பாரா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, அந்தப் பழைய சமையலாவது முழுக்க முழுக்க மண்ணிலே பிறந்ததான்னு பாத்தா, அங்கேயும் வரவு இருக்கு! வாங்க, ஒரு கிண்ணம் ரசத்தை நடுவர் மேஜை மேலே வைப்போம். மிளகு நம்ம மலை. துவரம்பருப்பு நம்ம நாடு. கறிவேப்பிலை நம்ம கொல்லை. மூணு பேரும் உள்ளூர்.

அடுத்தது புளி. “புளி நம்ம மரம், சாலை ஓரமெல்லாம் நிக்குது”ம்பீங்க. புளிய மரத்துக்குத் தாய்வீடு ஆப்பிரிக்கா, ஐயா! எப்போ வந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லாத அளவுக்குப் பழங்காலத்திலே வந்தது. சங்கப் பாட்டிலேயே புளி இருக்கு. ‘தமர் ஹிந்த்’, அதாவது இந்தியப் பேரீச்சைன்னு அரபிக்காரன் பேரே வச்சுட்டான். அந்த அளவுக்கு நம்ம ஆளா மாறிப் போச்சு. சீரகமும் கொத்தமல்லியும் மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடல் பக்கத்து ஆளுங்க. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான். இவ்வளவு காலமாப் பெருங்காயம் போட்டு ரசம் வைக்கிறோம். அந்தச் செடியை நம்ம நாட்டிலே வளர்க்கலாமான்னு இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கிலே நட்டுப் பாத்ததே 2020 அக்டோபர்லேதான்! அப்புறம் மிளகாய், மெக்சிகோ. தக்காளி, அதுவும் அமெரிக்கக் கண்டம். நம்ம ஊரிலே ஏற்கெனவே தக்காளின்னு ஒரு சின்னச் செடி உண்டு. வந்தவன் அது மாதிரி இருந்ததாலே ‘சீமைத் தக்காளி’ன்னு பேர் வச்சோம். நாளாக நாளாகச் சீமை போச்சு, தக்காளி நின்னுச்சு!

ஒரு கிண்ணம் ரசத்துக்குள்ளே எத்தனை தேசம்? பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. எல்லாரும் ஒரே ஈயச் சொம்பிலே ஒண்ணாக் கொதிக்கிறாங்க. யாராவது யாரையாவது “நீ எந்த ஊரு?”ன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா அது ரசமாகியிருக்காது, வெறும் வெந்நீராத்தான் இருந்திருக்கும்! (பலத்த கைதட்டல்)

இட்லியைச் சொன்னாங்க எதிரணி அம்மா. கி.பி. 920 வாக்கிலே எழுதின வட்டாராதனைங்கிற கன்னட நூல்லே ‘இட்டலிகெ’ன்னு பேர் வருது. 12-ஆம் நூற்றாண்டிலே மேலைச் சாளுக்கிய அரசர் சோமேசுவரர் எழுதின மானசோல்லாசத்திலேயும் வருது. அங்கே உளுந்து மாவுதான் பேச்சு. அரிசியைப் பத்திப் பேச்சில்லை. உளுந்தோட அரிசி சேர்ந்து, ராத்திரி பூராப் புளிச்சு, காலையிலே பொங்கி நின்ன அப்புறம்தான் அது மல்லிகைப்பூ இட்லி ஆச்சு. அங்கேயும் சேர்மானம்தான்!

வாங்க, ஊர் ஊராப் போயிட்டு வரலாம். டிக்கெட் என் செலவு. (சிரிப்பு)

தூத்துக்குடியிலே இறங்கினா மக்ரூன். ஐரோப்பாக்காரன் அதைப் பாதாம் போட்டுச் செஞ்சான். தூத்துக்குடி பேக்கரிக்காரர் பாத்தாரு. பாதாம் விலைக்கு எங்கே போறது? பக்கத்திலே முந்திரி இருந்துச்சு. முந்திரிப்பருப்பு, சீனி, முட்டையோட வெள்ளைக் கரு. வாயிலே வச்சதும் கரைஞ்சு போகுது. அந்த முந்திரியும் யாரு? பிரேசில்லேருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ரெண்டு விருந்தாளிங்க நம்ம வீட்டிலே சந்திச்சுச் சம்பந்தி ஆயிட்டாங்க!

அங்கேருந்து கோவில்பட்டி, கடலை மிட்டாய். வட மாவட்டங்கள்லே நிலக்கடலையை ‘மணிலாக்கொட்டை’ன்னும், அதையே சுருக்கி ‘மல்லாட்டை’ன்னும் சொல்லுவாங்க. பேரிலேயே பிலிப்பைன்ஸ் தலைநகரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. வந்த வழியைப் பேரிலே எழுதி வச்சிருக்கான் நம்ம ஆளு. அந்தக் கொட்டையும் நம்ம வெல்லப் பாகும் சேர்ந்து, 2020-லே கோவில்பட்டிக்குப் புவிசார் குறியீடே வாங்கிக் கொடுத்துச்சு.

கீழக்கரைக்குப் போனா தொதல். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் வெல்லமும் போட்டுக் கைவலிக்கக் கிளறுவாங்க. மலாய் நாட்டிலேயும் ஜாவாவிலேயும் அதுக்கு ‘டோடோல்’னு பேரு. மரக்கலத்திலே போய் வியாபாரம் பண்ணின கை, வரும்போது ஒரு பலகாரத்தையும் கொண்டுவந்துச்சு.

திருநெல்வேலிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. “அல்வா எங்க தாமிரபரணித் தண்ணியோட ருசி”ம்பாங்க. தண்ணி தாமிரபரணி, சரி. கோதுமை தாமிரபரணிக் கரையிலேயா விளைஞ்சுது? ‘அல்வா’ங்கிற பேரு அரபியிலேருந்து வந்தது. ஆனா சுடச்சுட இலையிலே வாங்கி முழுங்கிட்டு, தித்திப்பு தொண்டையிலே நிக்கும்போதே ஒரு கை மிக்சரை வாயிலே போட்டுக்கிற பழக்கம் இருக்கே, அது அரபியனுக்கும் தெரியாது, காசிக்காரனுக்கும் தெரியாது. அது சுத்தமான திருநெல்வேலி மூளை! (கைதட்டல்)

மதுரைக்கு வந்தா ஜிகர்தண்டா. பேரு இந்துஸ்தானி, ஈரக்குலை குளிரும்னு அர்த்தம். பாதாம் பிசின் ஒரு பக்கம், சுண்டக் காய்ச்சின பால் ஒரு பக்கம், நன்னாரி சர்பத் ஒரு பக்கம், மேலே ஐஸ்கிரீம். இதையெல்லாம் ஒரே கிளாசிலே போடலாம்னு முதல்லே நினைச்சவனுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்கணும்!

கடைசி ஸ்டாப் சென்னை, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே. தள்ளுவண்டியிலே அத்தோ விக்குது. அவிச்ச நூடுல்ஸ், நறுக்கின முட்டைக்கோசு, வெங்காயம், பொரிச்ச பூண்டு, மிளகாய்த்தூள், அது மேலே புளித்தண்ணி. எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு கொடுப்பாங்க. கூட வாழைத்தண்டு சூப். நூடுல்ஸிலே புளித்தண்ணியான்னு முகத்தைச் சுளிக்காதீங்க. அது எப்படி இங்கே வந்துச்சுன்னு தெரிஞ்சா முகம் சுளிக்காது, மனசு கனக்கும்.

நம்ம ஜனங்க தலைமுறை தலைமுறையாப் பர்மாவுக்குப் போய்ப் பாடுபட்டாங்க. 1962-லே அங்கே ராணுவ ஆட்சி வந்துச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்லே கடை, தொழில் எல்லாத்தையும் தேசியமயம்னு எடுத்துக்கிட்டாங்க. லட்சக்கணக்கான பேர் கப்பலேறித் திரும்பி வந்தாங்க. வீடு போச்சு, கடை போச்சு, சேர்த்து வச்சது போச்சு. வந்தவங்க பிழைக்க 1969-லே துறைமுகத்துக்குப் பக்கத்திலே பர்மா பஜார் வந்துச்சு. எல்லாத்தையும் பறிச்சுக்கிட்டவனாலே ஒண்ணை மட்டும் பறிக்க முடியலை: நாக்கிலே இருந்த ருசியை! அந்த ருசியைத்தான் அவங்க தட்டிலே போட்டு வித்தாங்க, பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. இன்னிக்குச் சென்னைக்காரன் அதை ‘எங்க ஊர் அத்தோ’ங்கிறான். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, வரவு ருசியை மட்டும் கொடுக்கலை. உயிரையும் கொடுத்துச்சு. மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவிலேருந்து வந்தது. சேலத்திலே குச்சிக்கிழங்குன்னு சொல்லுவாங்க. திருவிதாங்கூரை 1880-லேருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப ரொம்பப் பாடுபட்டாரு. அப்போ கன்னியாகுமரிச் சீமையும் அந்த ராஜ்யத்திலேதான் இருந்துச்சு. ஜனங்க பயந்தாங்க, தெரியாத கிழங்கை எப்படித் தின்கிறதுன்னு. அந்தப் பயத்திலே நியாயமும் உண்டு. பக்குவம் தெரியாமத் தின்னா அது விஷம்; நல்லா வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். அந்தப் பக்குவத்தைக் கத்துக்கிட்டாங்க.

1942 மார்ச்சிலே ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். பர்மா அரிசி நின்னு போச்சு. திருவிதாங்கூர் பூரா அரிசிக்குத் திண்டாட்டம். அன்னிக்கு எத்தனையோ வீட்டு அடுப்பிலே உலை கொதிச்சது இந்தக் கிழங்காலேதான். அதே யுத்த காலத்திலே கீழை நாடுகள்லேருந்து வந்துக்கிட்டிருந்த ஜவ்வரிசியும் நின்னுச்சு. சேலத்துக்காரங்க பாத்தாங்க. “கிழங்கு இருக்கு, மாவு இருக்கு, நாமே செஞ்சா என்ன?” செஞ்சாங்க. இன்னிக்கு நாம குடிக்கிற ஜவ்வரிசிப் பாயசம் ஒரு பஞ்ச காலத்திலே பிறந்த பிள்ளை. நாகர்கோவில்லே கிழங்கும் மீன் குழம்பும் ஆசையாத் திங்கிறோமே, அந்தச் சேர்மானத்துக்குள்ளே ஒரு தலைமுறையோட பசி இருக்கு, ஐயா.

இப்போ கடைசியா ஒண்ணு சொல்லணும். நடுவர் மணி மேலே கை வைக்கிறாரு, ஒரே ஒரு நிமிஷம் பொறுக்கணும்.

ஏழு கடலைத் தாண்டி வந்த மிளகாயைச் சமையலறைக்குள்ளே விட்டோம். ஆப்கானிஸ்தான் பெருங்காயத்தைப் பூஜை நைவேத்தியத்திலேயும் போட்டோம். மெக்சிகோவிலேருந்து வந்த மக்காச்சோளத்துக்கு, விவரம் தெரியாம மக்கா நகரத்துப் பேரை வச்சுக் கூடச் சேர்த்துக்கிட்டோம். யாருக்கும் தடை சொல்லலை. தடை சொன்னது யாருக்குன்னு பாருங்க. அடுத்த தெருக்காரனுக்கு! அதே தண்ணி குடிச்சு, அதே வெயில்லே உழைக்கிற பக்கத்து வீட்டு மனுஷனுக்கு!

1920-களிலே சேரன்மாதேவியிலே வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினாரு. பெரிய தேசபக்தர், சுதந்திரத்துக்காக எல்லாத்தையும் விட்டவர். அங்கே ரெண்டு பிராமணப் பிள்ளைகளோட பெத்தவங்க கேட்டுக்கிட்டாங்கன்னு, அவங்களுக்கு மட்டும் தனியாச் சாப்பாடு. அந்த ரெண்டு தட்டு, தமிழ்நாட்டுக் காங்கிரசையே ரெண்டாக்கிற அளவுக்குப் போச்சு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தாங்க. காந்தியடிகள் வரைக்கும் பஞ்சாயத்துப் போச்சு. குருகுலம் ஒண்ணுதான். தட்டு மட்டும் வேற!

அப்புறம் காலம் மாறுச்சு. 1956-லே காமராஜர் பள்ளிக்கூடத்திலே மதிய உணவு கொண்டுவந்தாரு. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாப் பெருக்கினாரு. 2022 செப்டம்பர்லே காலை உணவும் வந்துச்சு. தரையிலே வரிசையா உட்கார்ந்து, ஒரே சட்டியிலேருந்து ஒரே கரண்டியாலே எல்லாப் பிள்ளைகளும் வாங்கிச் சாப்பிடுது. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியலை. ஆனா 2023-லே கூடச் சில ஊர்களிலே, “சமைச்ச அம்மா இன்ன ஜாதி”ன்னு சொல்லி, பெத்தவங்க தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடலைன்னு பத்திரிகையிலே படிச்சோம். அந்த உப்புமாவிலே கிடந்த மிளகாய்க்கு என்ன ஜாதி? அது மெக்சிகோக்காரன் ஆச்சே! அவனைச் சேர்த்துக்கிட்டியே, கிளறின கையை ஏன் தள்ளினே? (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, மண்ணை நான் குறைச்சுப் பேசலை. மண் இல்லாம விதை எங்கே முளைக்கும்? ஆனா மண்ணோட பெருமையே, எந்த விதை வந்து விழுந்தாலும் “நீ யாரு?”ன்னு கேட்காம முளைக்க விடுறதுதானே! உப்பு தனியா இருந்தா கரிக்கும். புளி தனியா இருந்தா பல் கூசும். மிளகாய் தனியா இருந்தா கண்ணிலே தண்ணி வரும். மூணும் சேர்ந்தா அது குழம்பு. சேர்மானத்துக்கு ஒருத்தர் வந்தாகணும், ஒருத்தர் கதவைத் திறந்தாகணும்.

ஆகவே, இந்த மன்றத்துக்கு வந்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரசம் வைக்கும்போது ஒரு டம்ளர் கூடுதலா வையுங்க. அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்க. கிண்ணம் திரும்பி வரும்போது காலியா வராது. அவங்க வீட்டுக் குழம்பு ஒண்ணு அதிலே வரும். அதுதான் வரவு!

அந்த வரவாலேதான் நம்ம சாப்பாடு ருசிக்குதுன்னு நல்ல தீர்ப்பு வழங்கணும்னு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)